கணவரின் குரல் பழைய போனோடு போய்விட்டதா?

கடிதத்தின் சுருக்கம்

காவிரி டெல்டாவின் ஒரு சிற்றூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். வயது 63. அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒரே மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். மூன்று வாரம் முன்பு ஊருக்கு வந்த மகன், அம்மா ஆறு வருடமாக வைத்திருந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, பக்கத்து டவுனில் ஒரு கடையில் 18,500 ரூபாய்க்குப் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கித் தந்தார். “டேட்டா எல்லாம் அப்படியே ஏத்தித் தர்றோம்மா” என்று கடைப் பையன் 300 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டான். பழைய சிம் தேய்ந்துவிட்டது என்று புது சிம்மும் போட்டுக் கொடுத்தான். கடைசியாகப் பழைய போனில் ‘ஏதோ அழுத்தினான், கம்பெனி பெயர் வந்தது, அப்புறம் புது போன் மாதிரி வெல்கம் என்று காட்டியது’.

வீட்டுக்கு வந்து பார்த்தால் போட்டோக்கள் இருக்கின்றன, நம்பர்கள் இருக்கின்றன, வாட்ஸ்அப் மட்டும் காலி. கணவர் வயலிலிருந்தும், பிறகு ஆஸ்பத்திரியிலிருந்தும் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அத்தனையும் அதில்தான் இருந்தன. “மாத்திரை போட்டியா?”, “மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி கெடக்கு” என்று நாலு நாலு விநாடி. தினமும் ராத்திரி அதில் ஒன்றைக் கேட்டுவிட்டுத் தூங்குவது இவர் வழக்கம்.

அதோடு பணம் அனுப்பும் ஆப் வேலை செய்யவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கால் கட்டாகிறது. கடையில் கேட்டால் பில்லில் அச்சடித்திருக்கும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வரியைக் காட்டுகிறார்கள். மகன், “ரெண்டு நாள் பழகினா சரியாயிடும்மா, எல்லாத்துக்கும் பயப்படாதே” என்று அலுத்துக்கொள்கிறார். புது போனைத் திருப்பிக் கொடுக்க முடியுமா, மெசேஜ் எல்லாம் சிம் கார்டில் இருக்காதா, பழைய போனில் உள்ள குடும்பப் படங்களை யாராவது எடுத்துவிடுவார்களா, பென்ஷன் நின்றுபோகுமா, கேஸ் போட்டால் வக்கீலுக்கே லட்சக்கணக்கில் ஆகுமாமே என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள அம்மா,

நான் நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். என்னிடம் வரும் கடிதத்துக்குச் சட்டத்திலிருந்துதான் பதிலைத் தொடங்குவேன். உங்கள் கடிதத்துக்கு அப்படித் தொடங்க மனம் வரவில்லை. சட்டம் உங்களுக்குப் பணம் வாங்கித் தரலாம், அந்தக் குரலை வாங்கித் தராது. குரலைத் தேட இப்போது வழி இருக்கிறது, அந்த வழி நாள்பட நாள்படக் குறுகிவிடும். வழக்குக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆகவே முதலில் தேடுவோம், கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மெசேஜ்கள் சிம் கார்டில் இருக்காது. வாட்ஸ்அப் எதையும் சிம்மில் வைப்பதில்லை. பழைய போனில் நீங்கள் பார்த்த அந்த ‘வெல்கம்’ திரை, போனை முழுவதும் அழித்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம். இந்தக் கால ஆண்ட்ராய்டு போன்கள் உள்ளே இருப்பதைப் பூட்டித்தான் வைக்கின்றன. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிந்துவிடுகிறது. “நாங்க ரெக்கவர் பண்ணித் தர்றோம்” என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் இப்படி 8,000 ரூபாய் கொடுத்துவிட்டு வெறும் கையோடு திரும்பினார். பழைய போனைத் தேடி அலைவதில் பயன் இல்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலமாரியில் இருக்கும் போன்

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘அவருடைய போன் அலமாரியில்தான் இருக்கிறது, அதை எடுக்க மனசு வரவில்லை, சார்ஜ் போட்டே ஒன்றரை வருடம் ஆகிறது.’ இந்த வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும் எந்த மெசேஜும் குறைந்தது இரண்டு போன்களில் இருக்கும், பெற்றவர் போனில் ஒன்று, அனுப்பியவர் போனில் ஒன்று. உங்களுடையது அழிந்துவிட்டது. அவருடையதை யாரும் தொடவில்லை.

நிறைய நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கை அந்த நிறுவனம் தன் பக்கத்தில் நீக்கிவிடும். பொதுவாக 120 நாள் கணக்கு. ஆனாலும் போனுக்குள் இருப்பவை, அந்த ஆப்பை எடுத்துவிடாத வரை, அப்படியே இருக்கும். ஒவ்வொரு வாய்ஸ் மெசேஜும் தனித்தனிக் கோப்பாக ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்ற ஃபோல்டரில் வாரவாரியாக அடுக்கியிருக்கும். கோப்பின் பெயரிலேயே ‘பி.டி.டி.’ (PTT) என்ற ஆங்கில எழுத்துகளும் அது அனுப்பிய வருடம், மாதம், நாளும் இருக்கும். ஆகவே வாட்ஸ்அப்பைத் திறக்காமலேயே அவற்றைக் காப்பி எடுத்துவிடலாம்.

இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். மகன் வரும்போது செய்யுங்கள். முதலில் போனின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மூடி உப்பியிருந்தால் பேட்டரி கெட்டிருக்கிறது, சார்ஜ் போடக் கூடாது. பேட்டரி மாற்றித் தரும் ஆளிடம் கொடுக்கும்போது ‘ரீசெட் வேண்டாம், சாஃப்ட்வேர் எதுவும் போட வேண்டாம்’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி போனின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னது வேலை மும்முரத்தில் மறந்துபோகும். உப்பவில்லை என்றால் சாதாரண சார்ஜரில் போட்டு நிதானமாக ஏறவிடுங்கள். ஆன் ஆனதும் ஏரோப்பிளேன் மோடில் வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் ‘நம்பரை உறுதி செய்’ என்றோ ‘அப்டேட் செய்’ என்றோ கேட்டால் எதையும் அழுத்தாதீர்கள். அவருடைய எண் இந்நேரம் வேறொருவருக்குப் போயிருக்கலாம். கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைத்து வாட்ஸ்அப் என்ற ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுத்தால் போதும்.

பேட்டர்ன் லாக் மறந்துவிட்டால் தோன்றியதையெல்லாம் போட்டுப் பார்க்காதீர்கள். தவறாகப் போடப் போட அடுத்த முறைக்குக் காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். கணவர் பயன்படுத்திய வேறு எண்கள், வண்டி நம்பர், ஏ.டி.எம். எண் என்று உட்கார்ந்து யோசித்து ஒரு காகிதத்தில் எழுதிய பிறகு முயலுங்கள். ‘லாக் எடுத்துத் தரப்படும்’ என்ற போர்டு உள்ள கடைக்கு மட்டும் போகாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் செய்வது ரீசெட்தான். உங்கள் பழைய போனுக்கு ஆனதே இதற்கும் ஆகும்.

பழைய ஜிமெயில் எங்கே?

இரண்டாவது வழியும் இருக்கிறது. புது போனில் ‘பையன் புது ஜிமெயில் ஒன்று திறந்து கொடுத்தான்’ என்கிறீர்கள். பழைய பாஸ்வேர்டு நினைவில்லை என்று சொன்னால் கடைகளில் இப்படித்தான் செய்கிறார்கள், நேரம் மிச்சம் என்று. வாட்ஸ்அப் காலியாக வந்ததற்குக் காரணமும் அநேகமாக இதுதான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் பேக்கப், அதாவது உரையாடல்களின் காப்புப் பிரதி, போனில் இருக்கும் கூகுள் கணக்கில் சேமிக்கப்படும். பழைய கணக்கில் பேக்கப் இருந்திருந்தால், புதுக் கணக்கில் தேடிய போனுக்கு அது எப்படித் தென்படும்?

இதில் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. ஒரே கணக்காக இருந்திருந்தால், காலியான வாட்ஸ்அப் தன்னைப் பேக்கப் எடுத்துப் பழையதன் மேல் எழுதியிருக்கக்கூடும். கணக்கு வேறாக இருப்பதால் பழைய பேக்கப் அங்கேயே கிடக்க வாய்ப்பு உண்டு. நிச்சயம் உண்டு என்று நான் சொல்லவில்லை. பழைய போனில் பேக்கப் ஆன் செய்திருந்தால்தான் உண்டு. பல மாதம் புதுப்பிக்காத பேக்கப் தானாக அழிந்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பழைய ஜிமெயில் முகவரி மகனின் போனிலோ, பென்ஷன் தொடர்பாக வந்த கடிதங்களிலோ, பழைய போனின் பெட்டியிலோ எழுதியிருக்கிறதா பாருங்கள். பாஸ்வேர்டை மீட்க உங்கள் கைப்பேசி எண்ணுக்கே குறியீடு வரலாம். வீட்டில், நீங்கள் எப்போதும் பயன்படுத்தும் வைஃபையில் இருந்து முயன்றால் கூகுள் உங்களை நம்புவது எளிது. கணக்கு திறந்ததும் கூகுள் டிரைவில் பேக்கப் என்ற பகுதியில் வாட்ஸ்அப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இந்த மூன்று வாரத்தில் வந்த முக்கியமானவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பழைய ஜிமெயிலைப் புது போனில் சேர்த்து, வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி போடுங்கள். உங்கள் அதே எண்ணைக் கொடுங்கள். ‘ரிஸ்டோர்’ என்று கேட்கும், அதை அழுத்த வேண்டும். அன்று பையன் அவசரத்தில் அழுத்தியது அதன் பக்கத்தில் இருக்கும் ‘ஸ்கிப்’ ஆக இருக்கலாம்.

மகன், நாத்தனார், கொழுந்தன் எல்லோரும் இருக்கும் குடும்பக் குரூப்பில் அவர் பேசியவை அவர்கள் போன்களில் இருக்கும். அவர்களில் யாராவது இந்த மாதம் போன் மாற்றப்போகிறார்களா என்று இன்றே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பணமும் படங்களும்

பென்ஷனைப் பற்றிக் கவலையே வேண்டாம். அது உங்கள் வங்கிக் கணக்குக்குப் போகிறது, போனுக்கு அல்ல. பாஸ் புக்கோடு போனால் கவுண்ட்டரில் எடுத்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்பும் ஆப் நின்றது பழுதல்ல, பாதுகாப்பு. யு.பி.ஐ. உங்கள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அந்த சிம் எந்தக் கைப்பேசியில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கட்டி வைக்கிறது. கைப்பேசி மாறினால் முடிச்சு அவிழும், மறுபடி கட்ட வேண்டும். அதற்குப் புது போன் உங்கள் சிம்மிலிருந்து வங்கிக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். நீங்கள் அன்றே சிம்மையும் மாற்றியிருக்கிறீர்கள். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். போகவும் கூடாது, வரவும் கூடாது என்று 2022-இல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. யாரோ உங்கள் பெயரில் சிம் எடுத்துக் கணக்கைக் காலி செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அன்று மாலை முழுக்க நீங்கள் முயன்றும் ‘வெரிஃபிகேஷன் ஃபெயில்டு’ என்று வந்ததற்கு இதுவே காரணம். உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது மறுபடி முயன்றால் நடக்கும். எஸ்.எம்.எஸ். அனுப்ப ரீசார்ஜ் இருக்க வேண்டும். இரண்டு சிம் இருந்தால் வங்கியில் கொடுத்த எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின் எண் புதிதாக அமைக்க ஏ.டி.எம். கார்டின் கடைசி 6 எண்களும் அது காலாவதியாகும் மாதமும் வருடமும் வேண்டும். முதல் நாளில் 5,000 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் பதற வேண்டாம், அதுவும் பாதுகாப்புக்காக வைத்ததுதான். இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. ஆப் வேலை செய்யாத பதற்றத்தில் இணையத்தில் கஸ்டமர் கேர் எண் தேடி அழைக்காதீர்கள். போலி எண்கள் நிறைய. கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு மட்டும் அழையுங்கள். தவறிப் பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

படங்கள் விஷயத்தில் ரீசெட் உங்களுக்குச் சாதகம்தான். போனுக்குள் இருந்தவற்றை அடுத்து வாங்குகிறவர் பார்க்க முடியாது. ஆனால் பழைய போனில் மெமரி கார்டு போட்டிருந்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி இல்லை. சாதாரணமாக கார்டில் இருப்பது பூட்டப்பட்டிருக்காது, போனை ரீசெட் செய்தாலும் கார்டு அழியாமல் இருந்துவிடும். நகம் அளவு கார்டு, தட்டிலேயே விட்டுவிடுவது சகஜம். இருந்திருந்தால் இன்றே கடையில் கேளுங்கள். அப்புறம், பையன் திறந்து கொடுத்த புது ஜிமெயிலின் பாஸ்வேர்டு அவனுக்கும் தெரியும். மகனிடம் சொல்லி உடனே மாற்றுங்கள், மீட்பு எண்ணாக உங்கள் எண் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பையன் தப்பானவன் என்று நான் சொல்லவில்லை. வீட்டுச் சாவி இன்னொருவரிடம் இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

கடையைச் சட்டப்படி என்ன செய்யலாம்?

பிடிக்கவில்லை, பழக்கமில்லை என்பதற்காகக் கடையில் நேரில் வாங்கிய போனைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை நம் சட்டத்தில் இல்லை. கடைக்காரர் மனது வைத்தால் உண்டு. ஆனால் குறைபாடு இருந்தால் கதை வேறு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அடித்திருப்பது குறைபாடுள்ள பொருளுக்குக் கேடயம் ஆகாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(47) பிரிவுப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எழுதியிருந்தால் அது, இல்லாவிட்டால் 30 நாள்.

கால் கட்டாவதை அதனால்தான் உடனே பார்க்க வேண்டும். போனைக் காதில் வைத்ததும் திரை அணைய வேண்டும், அதற்காகத் திரையின் மேல்பக்கத்தில் ஒரு சென்சார் இருக்கிறது. கடையில் ஒட்டிய டெம்பர் கிளாஸ் அதை மறைத்தால் திரை அணையாது, கன்னம் பட்டு கால் கட்டாகும். கிளாஸை எடுத்துவிட்டு இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள். சரியாகிவிட்டால் அது 100 ரூபாய் விஷயம். சரியாகாவிட்டால் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், குறையை எழுதிய ஜாப் ஷீட் வாங்குங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

வாட்ஸ்அப் அழிந்தது தனி விஷயம். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு ‘எல்லாம் ஏற்றித் தருகிறோம்’ என்றது ஒரு சேவை. இரண்டு போனும் அவன் கையில் இருந்தன. வாட்ஸ்அப்பிலேயே கியூ.ஆர். காட்டி ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு உரையாடல்களை மாற்றும் வசதி இருக்கிறது. அதைச் செய்யாமல், வந்துவிட்டதா என்று உங்களைப் பார்க்கவும் சொல்லாமல் பழையதை அழித்தது சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேட்கலாம்.

பலவீனங்களையும் சொல்லிவிடுகிறேன். 300 ரூபாய்க்கு ரசீது இல்லை. எக்ஸ்சேஞ்ச் படிவத்தில் ‘டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல’ என்ற வரியின் கீழ் மகன் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடும், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அப்படி இருந்தால் வழக்கு கடினம், தோற்றே தீரும் என்று இல்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலைக்கும் சும்மா எக்ஸ்சேஞ்ச் எடுத்ததற்கும் வித்தியாசம் உண்டு. உங்களோடு மருமகளும் இருந்தார் என்பதால் அவர் சாட்சி. ஜெயித்தாலும் பெரிய தொகை வரும் என்று எண்ணாதீர்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். முப்பது வருடம் வகுப்பறையில் பேசிய உங்களுக்கு அது பெரிதல்ல. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இணையம் வழியாகவும் கொடுக்கலாம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். பல பிரச்சினைகள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

‘அந்தப் பையனை விடக்கூடாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் புகார் கடை உரிமையாளர்மீது இருக்கட்டும். வேலையாள் செய்ததற்குச் சட்டப்படி முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே இருபது போனுக்கு டேட்டா ஏற்றும் பிள்ளை அவன். நாலு விநாடி மெசேஜ் ஒரு அம்மாவுக்கு என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மகனிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். தம்பி, நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்தீர்கள், அதில் குறை இல்லை. ஆனால் ‘பழகினால் சரியாயிடும்’ என்பது எழுத்தளவுக்கும் பட்டன்களுக்கும் பொருந்தும். அம்மா தேடுவது பட்டனை அல்ல. இந்த வாரக் கடைசியில் ஒரு நாள் லீவு போட்டு, லேப்டாப்பும் இரண்டு பென் டிரைவும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள். அப்பாவின் போனை அம்மா பக்கத்தில் இருக்கும்போது திறங்கள்.

அம்மா, கடைக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். வாங்கிய தேதி, பில் எண், 300 ரூபாய் கொடுத்தது, அன்று நடந்தது, கால் கட்டாகும் குறை, எக்ஸ்சேஞ்ச் படிவத்தின் நகல் வேண்டும் என்பது, மெமரி கார்டு இருந்திருந்தால் அதுவும். அன்றைய சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் ஒரு வரி சேருங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பில்லோடு சேர்த்து வையுங்கள். பில் தேதியிலிருந்து 30 நாள் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அனுப்பும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்பினால் படித்துத் திருத்தித் தருகிறேன். அலமாரி போனில் என்ன கிடைத்தது என்றும் அதோடு இரண்டு வரி எழுதுங்கள்.